அலுவலகத் தாள்களை வலைத்தளத்தில் ஏற்றுவதற்கு முன்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் ஓர் அறக்கட்டளை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் மையங்களும் நடத்துகிறோம். புது வலைத்தளம் தயாராகிவிட்டது. "ஆபீஸ்ல இருக்கிற டாக்குமென்ட் எல்லாத்தையும் ரெண்டு வாரத்துல ஏத்திடுங்கம்மா" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆண்டறிக்கை, தணிக்கைக் கணக்கு, விடுதி விதிகள், பணியாளர் விதிகள், கமிட்டிக் கூட்டக் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. பாதி ஸ்கேன், பாதி பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது, சில கன்னடத்தில். சம்பளம், போன் நம்பர் இருக்கும் இடங்களில் கறுப்புக் கட்டம் போட்டுவிட்டு அப்படியே ஏற்றினால் போதுமா? எனக்கு டைப்பிங் தெரியும், கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது. குறிப்பாக அந்தக் கறுப்புக் கட்டத்தை நம்பி ஒரு பக்கத்தைக்கூட ஏற்றிவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். கம்ப்யூட்டர் படிக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். இதில் முக்கால்வாசி கம்ப்யூட்டர் வேலையே இல்லை, தாளை ஊன்றிப் படிக்கிற வேலை. எந்தத் தாள் எப்போது, எதற்காக எழுதப்பட்டது என்பது உங்களுக்குத்தான் தெரியும். வலைத்தளம் செய்து கொடுத்தவர்களுக்கு அது தெரியாது.

அலுவலகத்தில் ஒரு தாளை யாராவது கேட்டு வந்தால், அதைக் கையில் கொடுத்துவிட்டு, "இதுல நாலாவது விதி போன வருஷமே மாறிடுச்சு" என்று வாயாலும் சொல்லிவிடுவீர்கள். வலைத்தளத்தில் ஏறிய தாளுக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கிருஷ்ணகிரியிலோ கோலார் தங்கவயலிலோ இருக்கும் ஓர் அம்மா, மகளைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பும் முன் உங்கள் விடுதி விதிகளைப் போனில் திறந்து பார்ப்பார். அவருக்கு அந்த நாலாவது விதி உண்மையாகவே இருக்கும். விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல் தாள் தனியாக நிற்க வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

முதலில் அந்த 'எல்லாத்தையும்' என்ற சொல்லைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பையும் கையில் எடுத்து, இதை வெளியாள் ஒருவர் எதற்காகத் தேடி வருவார், இதில் பெயர் வரும் யாருக்காவது இதனால் கேடு வருமா என்று கேளுங்கள். விடுதி விதிகள், கட்டணம், சேர்க்கைப் படிவம், ஆண்டறிக்கை, புகார் எங்கே கொடுப்பது என்ற விவரம் எல்லாம் தயங்காமல் போகலாம். அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை அனுமதி இருந்தால், தணிக்கை செய்த கணக்கை நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், உங்கள் தளத்திலோ அரசு குறிப்பிடும் தளத்திலோ வெளியிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது இல்லை.

சம்பள விவரம் பற்றிக் குழப்பம் வரும். "கவர்மென்ட் ஆபீஸ்ல எல்லாம் போடறாங்களே" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தங்கள் ஊழியர்களின் மாத ஊதியத்தைக்கூடத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் தொண்டு நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் அறக்கட்டளைக்கு அரசு மானியம் எவ்வளவு வருகிறது என்று தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் இல்லையென்றால், துப்புரவுப் பணியாளர் அக்கா மாதம் எவ்வளவு வாங்குகிறார் என்பதை ஊருக்குச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

எக்காரணம் கொண்டும் ஏறக்கூடாதவையும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன் 16-ஆம் பிரிவு, புகாரின் உள்ளடக்கம், புகார் கொடுத்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளம், விசாரணை நடவடிக்கை எதையும் பொதுவில் வெளியிடக்கூடாது என்கிறது. ஆண்டறிக்கையில் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்ற எண்ணிக்கை மட்டும் வரலாம். ஆதார் எண்ணைப் பொதுவில் போடுவதற்கு ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு தடை போடுகிறது. சேர்க்கைப் படிவத்தின் மாதிரி என்று சொல்லி, யாரோ நிரப்பிக் கொடுத்த பழைய படிவத்தை ஸ்கேன் செய்து ஏற்றுவது அலுவலகங்களில் சர்வசாதாரணம். வெற்றுப் படிவத்தை மட்டும் போடுங்கள். டியூஷன் பிள்ளைகளின் படங்களை, பெற்றோர் எழுதிக் கொடுத்த சம்மதம் கோப்பில் இல்லாமல் போட வேண்டாம்.

கூட்டக் குறிப்புகள் பற்றி என் கருத்தை அழுத்தமாகவே சொல்கிறேன்: போடாதீர்கள். அவை உள்ளுக்குள் பேசியது. யார் எதிர்த்தார், யார் யாரைக் குறை சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும். நிறைவேற்றிய தீர்மானங்களை மட்டும் தனியாக எடுத்து, தேதி, தீர்மான எண்ணுடன் ஒரு பக்கமாகப் போடுங்கள். வெளியாளுக்கு வேண்டியது அதுதான். செயலாளரிடமும் இப்படிச் சொல்லுங்கள்: "சார், தீர்மானம் எல்லாம் போட்டுடறேன். பேசினது நம்மகிட்டயே இருக்கட்டும்." பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

சரி, கறுப்புக் கட்டத்துக்கு வருவோம். வேர்டில் ஒரு பெயர் மீது கறுப்பாகக் கட்டம் வரைந்து அதைப் பிடிஎப் ஆக்குகிறீர்கள் என்று வையுங்கள். திரையில் பெயர் தெரியாது. ஆனால் கட்டம் ஒரு தனிப் பொருள், அதன் அடியில் எழுத்து அப்படியே இருக்கிறது. நீங்களே செய்து பாருங்கள். அந்தப் பிடிஎப்பைத் திறந்து, கன்ட்ரோலையும் ஏ-யையும் சேர்த்து அழுத்தி, காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். கட்டத்துக்கு அடியில் இருந்த பெயரும் சம்பளமும் வரிசையாக வந்து விழும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மானஃபோர்ட் வழக்கில் அவருடைய வழக்கறிஞர்களே தாக்கல் செய்த மனுவில் இதுதான் நடந்தது. கறுப்பாக்கிய வரிகளைச் செய்தியாளர்கள் காப்பி எடுத்து ஒட்டிப் படித்துவிட்டார்கள். ஸ்கேன் படத்தின் மேல் கட்டம் வைத்தாலும் இதே கதைதான். கட்டத்தை இழுத்துப் போட்டால் படம் அடியில் முழுசாக இருக்கும். போனில் கறுப்புப் பேனாவால் தீட்டினாலும், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் எழுத்து தெரியும்.

சரியான வழி ரொம்ப எளிது. மறைக்காதீர்கள், எடுத்துவிடுங்கள். மூலக் கோப்பை வேறு பெயரில் நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் பெயரை அழித்து, அந்த இடத்தில் 'பெயர் நீக்கப்பட்டது' என்று அடித்து, பிறகு பிடிஎப் ஆக்குங்கள். காகிதம் மட்டும்தான் இருக்கிறது என்றால், முதலில் ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸில் பெயர் இருக்கும் இடத்தில் கெட்டியான வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அதை ஸ்கேன் செய்யுங்கள். பழைய முறைதான், ஆனால் ஏமாற்றாது. முடிந்த பிறகு அந்த நோட்பேட் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

பெயரை எடுத்தால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். "மூன்றாம் மாடியில் தங்கியிருக்கும் நர்ஸ் மார்ச் மாதம் வாடகை கட்டவில்லை" என்று ஒரு வரி. பெயர் இல்லை. ஆனால் மூன்றாம் மாடியில் ஒரே ஒரு நர்ஸ்தான் இருக்கிறார் என்றால் விடுதி முழுக்க ஆள் யார் என்று தெரிந்துவிடும். 'விடுதிக் காப்பாளர்' என்று எழுதினால், உங்களிடம் ஒரே காப்பாளர்தானே இருக்கிறார்? பதவி, ஊர், அறை எண், வேலைக்குச் சேர்ந்த மாதம் எல்லாம் சேர்ந்தால் பெயர் எழுதியது போலத்தான். சின்ன நிறுவனங்களில் இதுதான் பெரிய ஆபத்து, இதை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது. அந்த ஆட்களைத் தெரிந்த உங்கள் கண்ணுக்குத்தான் படும்.

கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வருபவையும் உண்டு. யார் அடித்தது, யார் திருத்தினார், ஓரத்தில் செயலாளர் எழுதிய 'இதை எடுத்துடலாமா?' என்ற குறிப்பு எல்லாம் வேர்டு கோப்பில் இருக்கும். பைல் மெனுவில் இன்ஃபோ போய், 'செக் ஃபார் இஷ்யூஸ்' என்பதில் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' கொடுத்தால் எல்லாவற்றையும் காட்டி நீக்கித் தரும். எக்செல் கோப்பை அப்படியே ஏற்ற வேண்டாம். மறைத்து வைத்த நெடுவரிசையை யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் விரித்துவிடலாம். ஒரு படத்தில் பக்கத்து ஆளை வெட்டிவிட்டு வேர்டில் வைத்திருந்தால், வெட்டிய பகுதியும் பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

கையெழுத்தும் அப்படியே போகக்கூடாது. தலைவர், பொருளாளர் கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக இருக்கும் ஸ்கேன், போலிக் கடிதம் தயாரிப்பவருக்கு நல்ல விருந்து. வெளியிடும் படியில் கையெழுத்து இருக்கும் இடத்தில் 'ஒப்பம்' என்று அடித்து, கீழே பெயரும் பதவியும் போட்டால் போதும். சுற்றறிக்கை அச்சடிப்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். தணிக்கை அறிக்கையில் மட்டும் தணிக்கையாளர் என்ன சொல்கிறாரோ அப்படி.

அடுத்தது பாமினி. உங்கள் கணினியில் தமிழாகத் தெரிவதால் அது தமிழ் என்று தோன்றும். ஆனால் பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பவைதான். அந்த எழுத்துரு இல்லாத போனில் அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும். பிடிஎப் ஆக்கினால் பார்வைக்குத் தமிழ் வந்துவிடும், ஆனால் கூகுளில் 'பெண்கள் விடுதி' என்று தேடினால் உங்கள் தாள் வராது. பார்வையில்லாதவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது உளறலாகத்தான் கேட்கும். கன்னடத்தில் பழைய நுடி எழுத்துருவில் அடித்தவற்றுக்கும் இதே நிலைதான். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எழுத்து அந்தந்த மொழி எழுத்தாகவே பதிவாகும் பொது முறைக்கு, மாற்ற வேண்டும். தமிழுக்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் கணினியிலேயே ஓடும், கோப்பை வெளியே அனுப்ப வேண்டியதில்லை. முகம் தெரியாத இலவசத் தளங்களில் அலுவலகக் கோப்பை ஏற்றி மாற்றுவதைத் தவிருங்கள்.

மாற்றிய பிறகு வரிக்கு வரி படியுங்கள். பாமினிக் கோப்பின் நடுவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியும் பி.எப்., இ.எஸ்.ஐ. போன்றவையும் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறியிருக்கும். இன்னொரு பிழை கண்ணிலேயே படாது: 'அவர்கள்' என்பது 'அவா்கள்' என்று வந்திருக்கலாம். முதலாவதில் இருப்பது ரகரம். இரண்டாவதில் ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் இருக்கிறது, அதன் தலையில் புள்ளி. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். தேடும்போது ஒன்று கிடைத்தால் மற்றது கிடைக்காது. வேர்டில் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' போட்டு, துணைக்கால்-புள்ளி வரும் இடமெல்லாம் 'ர்' ஆக்கிவிடுங்கள். தட்டச்சு தெரிந்த உங்களுக்கு இது அரை நாள் வேலை.

ஸ்கேன்கள் விஷயத்தில், மூலக் கோப்பு எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வேர்டில் அடித்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, அதை ஸ்கேன் செய்து வைத்திருப்பார்கள். வேர்டு கோப்பு கிடைத்தால் அதிலிருந்து நேராகப் பிடிஎப் எடுத்தால் அளவும் சின்னதாக இருக்கும், எழுத்தும் எழுத்தாகவே இருக்கும். கிடைக்காத பட்சத்தில் 300 டிபிஐ தெளிவில், நேராக வைத்து, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ரகசியம் எதுவும் இல்லாத தாள் என்றால் கூகுள் டிரைவில் போட்டு கூகுள் டாக்ஸில் திறங்கள், படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும். ண, ன குழம்பும். எண்களை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிடுங்கள். கட்டணத்தில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டால் அதற்கும் பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

இந்த ஸ்கேன் விஷயத்தில் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். வெறும் ஸ்கேன் என்பது படம். பார்வையில்லாத ஒரு பெண் உங்கள் விடுதியில் சேர நினைத்தால் அந்தப் படம் அவருக்கு வெற்றுத் தாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் வந்த 2017 விதிகளிலேயே, வலைத்தளத்தில் போடும் ஆவணங்கள் இபப் (ePUB) என்ற மின்னூல் வடிவிலோ எழுத்தாகப் படிக்கக்கூடிய பிடிஎப் வடிவிலோ இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த விதி வெறும் பரிந்துரை போல இருக்கிறது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. வேர்டில் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் ஆக்காமல், 'ஸ்டைல்ஸ்' பகுதியில் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்று கொடுங்கள். படித்துக் காட்டும் மென்பொருள் அதை வைத்துத்தான் தலைப்புக்குத் தலைப்பு தாவும். என்விடிஏ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் விடுதி விதிகளை ஒரு தடவை கேளுங்கள். எங்கே தடுக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

விடுதி விதிகளையும் கட்டணத்தையும் பிடிஎப் ஆகவே போட வேண்டாம் என்பேன். வலைப்பக்கமாகவே போடச் சொல்லுங்கள். பிடிஎப்பிலிருந்து தமிழைக் காப்பி எடுத்தால், யூனிகோடாக இருந்தாலும், கொம்பும் காலும் இடம் மாறி விழுவது உண்டு. போனில் படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் விரலால் பெரிதாக்கி நகர்த்த வேண்டாம் அல்லவா? அச்செடுக்க விரும்புகிறவருக்காகப் பக்கத்தின் கீழே பிடிஎப் ஒன்று இருக்கட்டும்.

கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், ஆண்டு முதலில் வருகிற மாதிரி வையுங்கள். 'ஃபைனல் நியூ 2' எல்லாம் கூடாது. தமிழில் பெயர் வைத்தால், இணைய முகவரியாக மாறும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 9 எழுத்தாக விரியும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அரைப் பக்கம் நீளும். பக்கத்தில் தெரியும் தலைப்பு தமிழிலும் கன்னடத்திலும் நன்றாக இருக்கட்டும். ஒரே விதி மூன்று மொழியில் இருந்தால், முரண்பாடு வரும்போது எந்த மொழிப் படி செல்லும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். 3/4/2024 என்று எழுதாமல் 3 ஏப்ரல் 2024 என்று எழுதுங்கள். 'மேற்படி கூட்டத்தில் பேசியபடி' என்ற சொற்றொடர் எங்கே வந்தாலும், எந்தக் கூட்டம், என்ன பேசியது என்று விரித்துவிடுங்கள் அல்லது அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

இரண்டு வாரத்தில் இவ்வளவும் முடியாது, முடிக்கவும் வேண்டாம். விடுதி விதிகள், கட்டணம், சேர்க்கைப் படிவம், கடைசி ஆண்டறிக்கை, தணிக்கைக் கணக்கு. இவை மட்டும் முதலில் போகட்டும். மற்றவற்றுக்கு ஓர் எக்செல் பட்டியல் போடுங்கள்: ஆவணத்தின் பெயர், எந்தத் தேதியில் உள்ள படி, யார் பொறுப்பு, யார் படித்துச் சரி என்றார், எப்போது மறுபடி பார்க்க வேண்டும். 'யார் சரி என்றார்' என்ற நெடுவரிசையைக் காலியாக விட்டு எதையும் ஏற்றாதீர்கள். செயலாளரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சலாவது வேண்டும். ஏற்றுகிறவர் நீங்கள் என்பதால் முடிவு எடுத்தவரும் நீங்கள்தான் என்று நாளை யாரும் சொல்லக்கூடாது.

விதி மாறும்போது பழைய கோப்பின் மேல் புதியதைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும் பழக்கம் வேண்டாம். பழையதில் 'இந்தத் தேதியோடு செல்லாது' என்று எழுதி, கீழே தனியாக வையுங்கள். போன வருஷம் சேர்ந்த பெண்ணுக்கு அந்த விதிதான் பொருந்தும், அவர் தேடி வருவார்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. போகக்கூடாத கோப்பு ஏதாவது போய்விட்டால், வலைப்பக்கத்திலிருந்து சுட்டியை மட்டும் எடுத்தால் கோப்பு சர்வரில் அப்படியே இருக்கும், முகவரி தெரிந்தவர் திறக்கலாம். கோப்பையே அழிக்கச் சொல்லுங்கள். பிறகு, தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில், தேடலிலிருந்து நீக்கக் கோரிக்கை கொடுக்கச் சொல்லுங்கள். அது சுமார் 6 மாதத்துக்குத்தான் மறைக்கும், அதற்குள் கோப்பு உண்மையிலேயே போயிருக்க வேண்டும். வலைப்பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் அதைச் சேமித்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவர்களுக்கும் எழுதுங்கள். யாருடைய விவரம் வெளியே போனதோ அவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர் வேறு யார் மூலமாகவோ கேள்விப்படும் வரை காத்திருக்காதீர்கள். இந்த வேலைகளை யார் செய்வது, வலைத்தள நிறுவனத்தில் யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே எழுதி, அந்த எக்செல் பட்டியலின் முதல் வரியில் வைத்துக்கொள்ளுங்கள்.